வெட்டவில்லை என்றதும் பவரைக் கூட்டாதீர்கள்

கொழும்பில் ஒப்பரேஷன் தியேட்டர் உபகரணங்களைப் பார்க்கும் வேலைக்கு வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் புதிதாகப் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். கரண்டின் சூட்டால் திசுவை வெட்டி இரத்தத்தை நிறுத்தும் டயதெர்மி மெஷினின் சுற்றை வரையச் சொன்னால் பிழையில்லாமல் வரைவார்கள். தியேட்டருக்குள் கால் வைத்ததும், நாங்கள் ஒருகாலத்தில் விட்ட அதே பிழைகளை அதே வரிசையில் விடத் தொடங்குவார்கள்.

வெட்டும் பென்சிலை நோயாளியின் மேல் போடாதே, கரண்ட் திரும்பிவரத் தோலில் ஒட்டும் பிளேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சின்னதாக்காதே என்பதையெல்லாம் எந்தத் தாதி மிஸ்ஸும் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார். அவற்றை இங்கே எழுதவில்லை. என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

பவரைக் கூட்டிக்கொண்டே போவது

பித்தப்பையை லப்பரஸ்கோபியில் (சின்னத் துளைகளால் கமராவும் கருவியும் விட்டு) எடுக்கிறார்கள் என்று வையுங்கள். வெட்டும் கொக்கியான ஹுக்கை 30 வாட்டில் தொடங்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் சத்திரசிகிச்சை செய்யும் சேர், "இது வெட்டுதில்லை, கூட்டுங்கோ" என்கிறார். 35. திரும்பவும் "கூட்டுங்கோ". 40. மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவர் வேறெதையும் திரும்பிப் பார்ப்பதில்லை, பட்டனை அமத்துவதோடு சரி. 60 ஆன பிறகு எனக்கு அழைப்பு வரும்: "அண்ணை, மெஷின் வேலை செய்யுதில்லை, வேற ஒண்டு கொண்டாங்கோ."

போய்ப் பார்த்தால் மெஷினுக்கு ஒரு குறையும் இருக்காது. கேட்ட பவரைக் கொடுக்கத்தான் அது முயன்றுகொண்டிருக்கும், தடை கூடினால் வோல்ட்டேஜை உயர்த்தியாவது. அந்தப் பவர் ஹுக்கின் நுனிக்கு வரவில்லை என்றால் எங்கே போகிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பட்டனை அமத்துகிறவரைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

1926 ஒக்டோபர் 1ஆம் திகதி பொஸ்டனில் ஹார்வி குஷிங், வில்லியம் போவி செய்த கருவியை வைத்துச் சத்திரசிகிச்சை செய்தார். அன்றிலிருந்து மெஷின் எவ்வளவோ மாறிவிட்டது, சுற்று மாறவில்லை. கரண்ட் மெஷினிலிருந்து நுனிக்கு வந்து, நோயாளியின் உடம்பினூடாகப் போய், தொடையில் ஒட்டிய பிளேட் வழியாகத் திரும்ப வேண்டும். சுவர் பிளக்கில் வரும் கரண்ட் செக்கனுக்கு 50 தடவை அலைகிறது, இது பல லட்சம் தடவை. ஒரு லட்சத்தைத் தாண்டிய அலைவுக்கு நரம்பும் தசையும் துடிப்பதில்லை, அதனால் நோயாளிக்கு ஷொக் அடிக்காது. ஆனால் சூடு உண்டாகும். வெயில் உடம்பில் படும்போது தாங்கலாம், அதே வெயிலைப் பூதக்கண்ணாடியால் ஒரு புள்ளியில் குவித்தால் தோல் பொசுங்கும். நுனியில் கரண்ட் குவிகிறது, வெட்டுகிறது. பிளேட்டில் பரவுகிறது, ஒன்றும் ஆவதில்லை. பிளேட்டின் பாதி கழன்றிருந்தால் பிளேட்டும் குவிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே "வெட்டுதில்லை" என்றதும் முதலில் நுனியைப் பாருங்கள். கரி பிடித்திருக்கும். கரி கரண்டைத் தடுக்கும், பவரைக் கூட்டினால் இன்னும் கரி சேரும். அதற்காகச் சொரசொரப்பான பட்டையில் உரசித் தேய்க்காதீர்கள். உலோகத்தில் கீறல் விழுந்தால் அடுத்த கரி அந்தக் கீறலில்தான் முதலில் பிடிக்கும். ஈரக் கோஸால் அடிக்கடி துடைத்தால் போதும். அப்புறம் வயர் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா, சரியான துளையில்தான் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பிளேட். ஒரு நாள் இப்படித்தான் அழைத்தார்கள். துணியைத் தூக்கிப் பார்த்தால் பிளேட்டின் ஓரம் வாழை இலை மாதிரிச் சுருண்டு நிற்கிறது. தொடையைத் தொட்டேன், விரல் வழுக்கியது. தேங்காய் எண்ணெய். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் வீட்டில் யாரோ பாசத்தோடு உடம்பெல்லாம் பூசி அனுப்பியிருக்கிறார்கள். வார்டில் மேலோட்டமாகக் கழுவியிருக்கிறார்கள். அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, புதுப் பிளேட் ஒட்டியதும் 30 வாட்டிலேயே வெட்டியது. தலையில் எண்ணெய் பூசிக்கொண்டு வந்தால் பரவாயில்லை, தொடையில் இருந்தால் ஒட்டவே ஒட்டாது. அடர்ந்த மயிர், தழும்பு, எலும்பு துருத்திய இடம், உள்ளே உலோகத் தகடு வைத்த இடம் எல்லாம் விலக்க வேண்டியவை. தசை நிறைந்த, ஒப்பரேஷன் இடத்துக்குக் கிட்டிய பக்கம்தான் பிளேட்டுக்கு உரியது.

இதைவிட மோசமான கூத்து ஒன்று உண்டு. அலாரம் அடிக்கிறது என்பதற்காகப் பிளேட்டுக்கு அடியில் சேலைன் நனைத்த கோஸைத் திணிப்பார்கள். இன்றைய பிளேட் இரண்டு பாதியாகப் பிரிந்திருப்பது அழகுக்காக இல்லை. மெஷின் ஒரு சின்னக் கரண்டை ஒரு பாதியிலிருந்து மற்றப் பாதிக்கு அனுப்பி, தோலில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். பிளேட் கழன்றால் தடை கூடும், மெஷின் தானாக நிற்கும். ஈரக் கோஸை வைத்தால் அந்த அளவை நீங்களே பொய்யாக்கிவிடுகிறீர்கள். பிரியாத ஒற்றைப் பிளேட்டைச் செருகினாலும் இதே கதைதான். அப்போது வயர் அறுந்திருக்கிறதா என்பதை மட்டும் மெஷின் பார்க்கும், தோலைப் பார்க்காது.

இதெல்லாம் சரியாக இருந்தும் வெட்டவில்லையா? ஹுக்கின் தண்டைப் பாருங்கள். லப்பரஸ்கோபியில் பவர் கூட்டுவதை நான் இவ்வளவு வெறுப்பதற்குக் காரணம் அந்தத் தண்டுதான். உலோகக் கம்பிக்கு மேல் கறுப்பு இன்சுலேஷன் உறை. கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் போய் வந்து, ட்ரோக்காரின் (கருவியை உள்ளே விடும் குழாய்) வாயில் உரசி உரசி, நுனிக்குக் கொஞ்சம் மேலே அது மெலிந்துபோகும். வெடிப்பு பெரிதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். ஊசி முனை அளவு ஓட்டை தெரியாது, ஆபத்தும் அதில்தான் கூட, ஏனென்றால் கரண்ட் முழுவதும் அந்தப் புள்ளியில் குவியும். கமரா காட்டுவது நுனியை மட்டும். தண்டின் பெரும் பகுதி திரைக்கு வெளியே, குடலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இந்த நிலையில் 60 வாட்டுக்குக் கூட்டினால் சேர் பார்க்கும் இடத்தில் வெட்டாமல், பார்க்காத இடத்தில் குடல் வேகும். அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நோயாளி வீட்டுக்குப் போய்ச் சில நாட்களில் காய்ச்சலும் வயிற்று நோவுமாகத் திரும்பி வருவார். குடலில் துளை. அப்போது 35, 40, 60 என்று கூட்டிய கதை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்சுலேஷன் சோதிக்கும் சின்ன மெஷின் கிடைக்கிறது. தண்டை அதன் பிரஷ்ஷுக்குள் விட்டு இழுத்தால், ஓட்டை உள்ள இடத்தில் சத்தம் போடும், மெல்லிய பொறியும் தெரியும். வெறும் கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பி அனுப்பிய ஹுக்குகள் அதில் கத்துவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

சேரிடம் எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான், கன்சல்டன்ட் அவசரத்தில் இருப்பார். "சேர், பிளேட்டைப் பார்த்திட்டுக் கூட்டுறன்" என்று சொல்லுங்கள், கொழும்புத் தியேட்டரில் சிங்களத்தில் "பொட்டக் இன்ன சேர்" (கொஞ்சம் பொறுங்கள்) என்றாலும் சரி. இவ்வளவையும் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. அதற்காக ஏசிய சேர்மார் குறைவு.

நீலப் பெடலையே மிதிப்பது

மஞ்சள் வெட்ட, நீலம் இரத்தத்தை உறையவைக்க. அதனால் இரத்தம் கண்டாலே நீலம்தான் என்று பழகிவிடுகிறார்கள். வெட்டும் அலை தொடர்ச்சியானது, வோல்ட்டேஜ் குறைவு. உறைவு அலை விட்டுவிட்டு வருவது, அதே வாட்டைக் கொடுக்க வோல்ட்டேஜ் பல ஆயிரத்துக்கு ஏறும். மெலிந்த இன்சுலேஷனைத் துளைப்பது அந்த வோல்ட்டேஜ்தான். நுனியைத் திசுவில் தொட்டு வைத்துக்கொண்டால் மஞ்சளிலேயே சின்ன இரத்தக் குழாய்கள் உறையும். இதை முதல் தடவை சொல்லும்போது யாரும் நம்புவதில்லை.

காற்றில் மிதிப்பது

திசுவைத் தொடாமல் பெடலை மிதிக்காதீர்கள். கரண்டுக்குப் போக வழி இல்லாதபோது வோல்ட்டேஜ் உச்சத்துக்குப் போகும், நல்ல இன்சுலேஷனைக் கூடத் தாண்டிப் பக்கத்து உலோகத்துக்குப் பாயும். உயர்தரப் பௌதிகவியலில் கொள்ளளவி படித்தோமே, அதேதான். உலோகக் குழாயைப் பிளாஸ்டிக் கழுத்தோடு சேர்த்த ட்ரோக்கார் இந்த இடத்தில் ரொம்பக் கெட்டது. உலோகத்தில் சேர்ந்தது வயிற்றுச் சுவருக்குள் பரவிப் போகப் பிளாஸ்டிக் விடாது, குடலில் போய் இறங்கும்.

வயரை இரும்புக் கிளிப்பில் சுற்றுவது

வேண்டாம். பிளாஸ்டிக் கிளிப் பாவியுங்கள்.

புதுக் கருவி தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது

1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே முதன்முதலாக லப்பரஸ்கோபியில் பித்தப்பையை எடுத்தபோது இன்று நம் கையில் இருக்கும், இரத்தக் குழாயை மூடும் சீலர்கள் இல்லை. லிகாஷுவர் போன்ற பைபோலார் சீலர், தாடைகளுக்கு நடுவிலேயே கரண்டைச் செலுத்தி, திசுவின் தடையை அளந்து அளந்து பவரை மாற்றுகிறது. 7 மில்லிமீட்டர் வரையான குழாயை மூடும். கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் முடிந்தது என்ற சத்தம் வருமுன் வெட்டினால் அது என்ன செய்யும்? தாடைக்குள் உலோகக் கிளிப் அகப்பட்டால், கரி அப்பியிருந்தால், வாய் நிறையத் திசுவைக் கவ்வினால், அளவு குழம்பும்.

ஹார்மோனிக் என்ற வெட்டும் கருவி வேறு இனம். அதில் கரண்ட் உடம்புக்குள் போவதில்லை, அலகு செக்கனுக்கு 55,500 தடவை அதிர்கிறது. "கரண்ட் இல்லைத்தானே" என்று சொல்லிக்கொண்டு, வெட்டி முடித்த கையோடு அதே அலகால் குடலைத் தள்ளுகிறார்கள். பெடலை விட்ட பிறகும் அலகு கொதிக்கக் கொதிக்க இருக்கும். தள்ளுவதற்கு வேறு கருவி எடுங்கள். இன்னொரு உலோகக் கருவியோடு மோத விட்டால் அலகில் வெடிப்பு விழும், அதன் விலையைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்று: சீலருக்கும் ஹார்மோனிக்குக்கும் பிளேட் தேவையில்லை என்று சொல்லிப் பிளேட்டே ஒட்டாமல் தொடங்குவது. பாதியில் சேர் ஹுக்கைக் கேட்பார். பிறகு துணிக்கு அடியில் புகுந்து, இருட்டில், எங்கே ஒட்டினோம் என்றே தெரியாமல் ஒட்டுவார்கள். மேலே எழுதிய கதை அங்கிருந்துதான் தொடங்கும்.

தொப்புளில் தேங்கிய ஸ்பிரிட்

லப்பரஸ்கோபியின் முதல் துளை பெரும்பாலும் தொப்புளில்தான். பூசிய ஸ்பிரிட் தேங்குவதும் அங்கேதான். சின்னத் துண்டுக் கோஸால் ஒற்றி எடுங்கள். மயிரில்லாத தோலிலேயே ஸ்பிரிட் காயக் குறைந்தது 3 நிமிடம் வேண்டும். அதற்குப் பிறகு துணி போர்த்துங்கள். ஸ்பிரிட் நெருப்பு வெளிச்சமான தியேட்டரில் கண்ணுக்கே தெரியாது.

தாலி, அரைஞாண், தோட்டுச் சுரை

கழற்ற வேண்டும். வெள்ளி அரைஞாணைக் குழந்தைக்கும் கழற்ற வேண்டும். பிளாஸ்டர் ஒட்டி மறைப்பது, பார்க்கிறவர்களுக்கு நிம்மதி தருமே தவிரக் கரண்டுக்குத் தடையில்லை. தாலியைக் கழற்ற மனமில்லாத அம்மாவிடம் வார்டிலேயே பொறுமையாகப் பேசி, மஞ்சள் கயிறு மாற்றச் சொல்லுங்கள். தியேட்டர் வாசலில் வைத்துக் கேட்டால் அழுகைதான் மிச்சம்.

பேஸ்மேக்கர்

முதலே கேளுங்கள். இயன்றால் பைபோலார். இல்லாவிட்டால் நுனிக்கும் பிளேட்டுக்கும் இடையிலான பாதை பேஸ்மேக்கரைத் தாண்டாதபடி பிளேட்டை ஒட்டுங்கள்.

சேலைனா கிளைசினா

புரொஸ்டேட் ஒப்பரேஷனில் உள்ளே ஓடவிடும் திரவம், மொனோபோலார் (கரண்ட் பிளேட் வழியாகத் திரும்புவது) என்றால் கிளைசின், பைபோலார் என்றால் சேலைன். மாறி மாட்டினால் மொனோபோலார் வெட்டாது, சேலைன் கரண்டைக் கலைத்துவிடும். உடனே என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்: "கூட்டுங்கோ."

புகையை அறைக்குள் திறந்துவிடுவது

கொரோனாக் காலத்தில் எல்லோரும் பயந்து ஃபில்டர் போட்டார்கள். இப்போது ட்ரோக்கார் வால்வை முகத்துக்கு நேரே திறந்துவிடுகிறார்கள். அந்தப் புகையில் பென்சீனும் ஃபோர்மல்டிஹைட்டும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

ஒருமுறைப் பிளேட்டை இரண்டாம் முறை ஒட்டுவது

2022இல் டொலர் இல்லாமல் சாமான் வராமல் நின்றபோது பழகிய சிக்கனம் சிலரை விட்டுப் போகவில்லை. கழற்றிய பிளேட்டின் பசையில் முதல் ஆளின் தோலும் மயிரும் இருக்கும். நடுவில் ஒட்டினாலும் ஓரம் ஒட்டாது. சிக்கனம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

சந்தேகமான ஹுக்கைத் திருப்பி அனுப்புவது

மாற்று ஹுக் எடுத்து ஒப்பரேஷன் முடிந்ததும் எல்லோரும் தேநீருக்குப் போய்விடுவார்கள். பழுதான ஹுக் மற்றக் கருவிகளோடு தட்டில் ஏறி, கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவான சிஎஸ்எஸ்டிக்குப் போய், கழுவி, அவிந்து, அழகாகப் பொதியப்பட்டு அடுத்த நாள் இன்னொரு தியேட்டரில் வந்து நிற்கும். தட்டு போகுமுன் அதைப் பிரித்தெடுத்து, சிவப்பு டேப் சுற்றி, திகதியும் தியேட்டர் இலக்கமும் எழுதி, "இன்சுலேஷன்" என்று ஒரு சொல் போட்டு எங்கள் அறைக்கு அனுப்புங்கள். கழுவித்தான் அனுப்ப வேண்டும், ஆனால் தனியாகக் கழுவச் சொல்லுங்கள்.