மீன் ஒண்டு குறையுது எண்டால்

என்ர கடல்மீன் தொட்டிக்குத் தீன் போடேக்கை மீனை எண்ணுறது என்ர பழக்கம். போன மாரியிலை கோபி மீனைக் காணேல்லை. கல்லிடுக்குக்கை கிடக்கும் எண்டு நாலு நாள் பேசாமல் விட்டன். அஞ்சாம் நாள் அலுமாரிக்குப் பின்னாலை ஒரு எறும்பு வரிசை. எட்டிப் பாத்தால் கருவாடு. "இதைத்தானே தம்பி தேடினனி?" எண்டு அம்மா கேட்டா.

அதாலை முதல்லை நிலத்தைப் பாருங்கோ. கோபி, ராஸ் (wrasse) மாதிரி மீன்களெல்லாம் வெருண்டால் பாயும். கறண்ட் போய் லைற் டக்கெண்டு நூந்தாலே போதும். பிறகு தண்ணி வழிஞ்சு விழுற பெட்டி, ஃபில்டர், பம்பின்ர வாய். புதுசா வந்த ராஸ் சிலது மணலுக்கை புதைஞ்சு நாள்க்கணக்கா வெளியிலை வராது. அதுக்காகக் கல்லைப் பிரட்டாதேங்கோ. மற்ற மீனும் கலங்கும், அடியிலை இருக்கிற ஊத்தையும் கிளம்பும். லைற் நிப்பாட்டி ரெண்டு மணித்தியாலத்தாலை, பட்டம் ஒட்டி மிஞ்சின சிவப்புத் தாளை ரோச் லைற்றிலை சுத்திப்போட்டுப் பாருங்கோ.

தேடுற நாளெல்லாம் அமோனியா அளக்கவேணும். ஏறினால் எங்கையோ அழுகுது எண்டு அர்த்தம், கால்வாசித் தண்ணி மாத்துங்கோ. நாள்க்கணக்கா ஏறாமலே இருந்தால் சின்ன மீனைச் சங்கு நண்டும் புழுவும் தின்று முடிச்சிருக்கலாம். தேடுறதை விடுங்கோ.

கடல்தண்ணி அள்ளுறவை மாரியிலை கவனம். மழைக்குப் பிறகு கரைத் தண்ணியிலை உப்புக் குறைஞ்சிருக்கும், உப்பு மானியிலை ஒப்படர்த்தி 1.025 இருக்கோ எண்டு அளந்து ஊத்துங்கோ. ஆவியாப் போன அளவுக்குக் கிணத்துத் தண்ணி விடாதேங்கோ. எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி கடினம், தோட்டப் பக்கக் கிணறுகளிலை உரத்தாலை நைத்திரேற்றும் இருக்கு. உப்பு எல்லாம் வடிகட்டின ஆர்.ஓ. தண்ணிதான் நல்லது.

இனி ஒட்டுண்ணியாலை வாற வெள்ளைப் புள்ளி நோய். கோமாளி மீனிலை உப்புத் தூவின மாதிரிக் கண்டவுடனை, நான் கொப்பர் (செம்பு) மருந்தைப் பெரிய தொட்டிக்கையே ஊத்தினன். விடியப் பாத்தால் றால் ரெண்டும் மல்லாந்து கிடக்குது. றால், நத்தை, பவளம் ஒண்டும் கொப்பருக்குத் தாங்காது.

மீனைத்தான் வெளியிலை எடுக்கவேணும். புள்ளி இல்லாததையும் சேத்து, எல்லாத்தையும். அதுகளை விட்டு மருந்து போட வேறை ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, ஸ்பொஞ்ச் ஃபில்டர், ஒளிக்க ஒரு பைப் துண்டு, கறண்ட் போனால் ஓட பற்றரிக் காத்துப் பம்ப். கல்லும் மணலும் வேண்டாம், மருந்தை உறிஞ்சிப்போடும். அளவு போத்தலிலை எழுதினபடி, ஆனால் கொப்பர் ரெஸ்ற் கிற்றாலை நாளாந்தம் அளந்து பாருங்கோ.

சில நாளிலை புள்ளி மறையும். அதுக்காக நோய் சுகமாப் போச்சு எண்டில்லை. ஒட்டுண்ணி கழண்டு அடியிலை விழுந்து பெருகி, திரும்ப மீனைத் தேடி வரும். மீன் இல்லாட்டில் அதுக்குச் சாப்பாடில்லை. பெரிய தொட்டியை நான் 76 நாள் மீனில்லாமல் விட்டன். தெரிஞ்சாக்கள் வந்து "என்ன, வெறும் கல்லோ வளக்கிறாய்?" எண்டு சிரிச்சவை.

இப்ப தொட்டிக்கு மேலை நைலோன் வலை அடிச்சிருக்கிறன். வயர் போக மூலையிலை ஒரு ஓட்டை விட்டது பிழையாப் போச்சு, அதாலையும் ஒண்டு பாஞ்சுது. இந்தமுறை எறும்புக்கு முதல் நான் கண்டிட்டன்.