பழைய துருக்கிப் பட்டுப்பை: பூவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய துருக்கிப் பட்டுப்பை ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது பூவைத்தான். துலிப், ரோஜா, கார்னேஷன், மாதுளை என்று சரிகையில் மின்னும்போது கண் வேறெங்கே போகும்? ஆனால் நான் பார்த்த வரை, இந்தப் பைகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காததால் வருபவை.

பெயரிலிருந்தே குழப்பம் ஆரம்பம். துருக்கியில் இதற்குக் 'கெசே' என்று பெயர். நம் சுருக்குப்பை போல வாயில் கயிறு கோத்து, இடுப்புக் கச்சையில் செருகிக்கொள்வார்கள். அதனால் எல்லாமே காசுப்பை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முத்திரை மோதிரத்துக்கு, பாக்கெட் கடிகாரத்துக்கு, புகையிலைக்கு என்று தனித்தனிப் பைகள் உண்டு. சுல்தான் வேற்று நாட்டு அரசர்களுக்கு அனுப்பிய கடிதம்கூடப் பட்டுப்பையில்தான் போனது. பணக்கணக்கிலும் 'ஒரு கெசே' என்றால் பிற்காலத்தில் 500 குருஷ் (துருக்கி நாணயம்). ஹமாம் என்னும் துருக்கிக் குளியல் கூடத்தில் அழுக்குத் தேய்க்கும் கையுறைக்கும் இதே பெயர் என்பதால், இணையத்தில் தேடினால் பாதிக்குப் பாதி குளியல் சாமான்தான் வரும்.

அப்புறம் ஆண்டு. நண்பர் ஒருவர் காட்டிய பையில் அரபு எண்களில் 1310 என்று தைத்திருந்தது. ஹிஜ்ரி என்னும் இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு கி.பி. 622இல் தொடங்குவதால், அவர் 622ஐக் கூட்டி "1932" என்றார். ஆனால் ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு. நம் ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஆகவே 1310ஐ 0.97ஆல் பெருக்கிவிட்டு 622ஐக் கூட்ட வேண்டும். 1892 அல்லது 1893 வரும். உதுமானிய அரசு அலுவல்களில் புழங்கிய ரூமி என்னும் சூரிய ஆண்டாக இருந்தால் 1894. துருக்கி அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது 1928இல் என்பதை நினைத்துப் பார்த்திருந்தாலே 1932 உதைத்திருக்கும். எண்ணைப் படிப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு: அரபு எண்ணில் பூச்சியம் வெறும் புள்ளி, வட்டமாக இருப்பது ஐந்து. 1255ஐ 1200 என்று படித்தால் அரை நூற்றாண்டு காணாமல் போகும்.

அதற்காக லத்தீன் எழுத்து இருந்தாலே 1928க்குப் பிந்தியது என்றும் சொல்ல முடியாது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்ட துருக்கி வீரர்கள், 'துருக்கிக் கைதி' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஆண்டும் போட்டுப் பாசிமணிப் பைகள் செய்திருக்கிறார்கள். அவை பட்டு வேலை அல்ல, தனி இனம்.

சுல்தானின் கையொப்பச் சின்னமான துக்ரா இருந்தால் 'அரண்மனைப் பொருள்' என்று விலை ஏறிவிடும். நான் நம்ப மாட்டேன். 1889இல் பாரிஸிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேரடி ரயில் வந்துவிட்டது. நினைவுப்பொருள் தேடி வந்தவர்களுக்குத் துக்ராவும் பிறையும் பிடிக்கும் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? நிறமும் சாட்சி சொல்லும். முதல் செயற்கை ஊதாச் சாயம் வந்தது 1856இல். பளீரென்ற ஊதாவோ மெஜந்தாவோ இருக்கும் பையை 18ஆம் நூற்றாண்டு என்றால் கொஞ்சம் நில்லுங்கள். அசல் நிறம் வெளியே வெளுத்திருக்கும், மடிப்புக்குள் பாருங்கள்.

தையலுக்கு வருவோம். சரிகை என்றாலே ஜர்தோசி என்று சொல்லிவிடுகிறோம். துருக்கியில் 'திவால்' என்றொரு வேலை உண்டு. பூவின் வடிவத்தை அட்டையில் வெட்டி வெல்வெட்டின் மேல் ஒட்டுவார்கள். சரிகை அந்த அட்டைக்கு மேலேயே இப்படியும் அப்படியும் போகும். ஒவ்வொரு ஓரத்திலும் அடியிலிருந்து வரும் சாதா நூல் அதைப் பிடித்துக்கொள்ளும். சரிகை பின்பக்கம் இறங்குவதே இல்லை. உள்ளே திருப்பினால் வெறும் நூல்தான் தெரியும். 'சூசெனி' என்பது கொக்கி ஊசியால் போடும் சங்கிலித் தையல். ஆரி வேலை தெரிந்தவர்களுக்குப் பார்த்ததும் புரியும்.

இந்த அட்டை விஷயம் தெரியாமல் பையைத் தண்ணீரில் போட்டவர்கள் உண்டு. பசை இளகி, அட்டை ஊறி, புடைப்பாக நின்ற பூ கூழாகிவிடும். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, கறுத்த சரிகையைப் பளபளப்பாக்குவது. கறுப்பு என்பது வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து உண்டாவது. குத்துவிளக்குக்குப் புளி போடுவதுபோல இதற்கும் எலுமிச்சையோ வெள்ளி பாலிஷோ போட்டால், மேலே இருக்கும் மெல்லிய பொன்முலாம் போய்விடும். உள்ளிருக்கும் பட்டு நூலையும் அமிலம் அரிக்கும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

வெயில் படும் சுவரில் சட்டம் போட்டு மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் அடைபடும். அமிலமில்லாத மெல்லிய தாளை உள்ளே தளர்வாகத் திணித்து, மடிக்காமல் பெட்டியில் வையுங்கள். வாய்க்கயிற்றை இழுத்து மூடிக் காட்டவும் வேண்டாம். பழைய பட்டு சுருக்கு விழும் இடத்தில்தான் முதலில் கிழியும். உள்துணி கந்தலாக இருக்கிறதே என்று புதிது தைத்தே ஆக வேண்டுமென்றால், கழற்றிய பழைய துணியையும் குஞ்சத்தையும் அதே பெட்டியில் போட்டு வையுங்கள்.