மார்ச் 14: ஜப்பானில் பெற்ற சாக்லேட்டுக்குப் பதில் செய்யும் நாள்

ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பிப்ரவரி 14 அன்று உங்கள் அலுவலக மேசையில் சிறிய சாக்லேட் பொட்டலம் ஒன்று இருந்தால், அதைக் காதலின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே காதலர் தினத்தில் சாக்லேட் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. உடன் பணிபுரிவோருக்கு மரியாதைக்காகக் கொடுப்பதை ‘கிரி சோக்கோ’ என்றும், மனத்துக்கு நெருங்கியவருக்குக் கொடுப்பதை ‘ஹொன்மெய் சோக்கோ’ என்றும் பிரித்தே சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பொட்டலத்தோடு ஒரு கடனும் வந்து சேர்கிறது. அதைத் தீர்க்கும் நாள்தான் சரியாக ஒரு மாதம் கழித்து வரும் ‘ஒயிட் டே’.

இது சமயப் பண்டிகை அல்ல, விடுமுறையும் கிடையாது. 1970களின் இறுதியில் ஃபுக்குவோக்கா நகரின் இஷிமுரா மன்செய்தோ என்ற இனிப்பு நிறுவனம், சாக்லேட் பெற்ற ஆண்கள் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாயைத் திருப்பித் தரட்டும் என்று விற்பனைக்காகத் தொடங்கியதை, 1980இல் இனிப்புத் தயாரிப்பாளர்களின் சங்கம் நாடெங்கும் கொண்டுசென்றது. வியாபாரிகளின் ஏற்பாடுதானே என்று ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் பெற்றதற்குப் பதில் செய்யும் ‘ஒகாஎஷி’ என்ற வழக்கம், திருமணம், குழந்தைப் பிறப்பு, இறுதிச் சடங்கு என இந்நாட்டு வாழ்க்கை முழுவதிலும் ஊறியிருக்கிறது. மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் செய்முறை செய்யும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

மும்மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சு உண்டு. அலுவலக வழக்கத்தில் அதை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. பெற்றதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் போதும். விலை மிகுந்த பொருள் கொடுத்தால் பெறுபவருக்குத்தான் சங்கடம். பெண்கள் பலர் சேர்ந்து பணம் போட்டு ஒரே பெட்டியாகக் கொடுத்திருந்தால், ஆண்களும் சேர்ந்தே திருப்பித் தருவது வழக்கம் என்பதால், தனியாக வாங்குவதற்கு முன் மூத்த சக ஊழியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மார்ச் 14 சனி, ஞாயிறில் வந்தால் முந்தைய வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடலாம்.

டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தள உணவுப் பகுதியில் இதற்கென்றே தனிக் கடைகள் விரிக்கப்படும். ஒவ்வொன்றும் தனித்தனி உறையிலிட்ட குக்கீ பெட்டி எவருக்கும் பொருந்தும். மார்ஷ்மெல்லோ கொடுத்தால் ‘உங்களைப் பிடிக்கவில்லை’ என்று பொருள் கொள்வோர் இப்போது இருக்கிறார்கள். மார்ஷ்மெல்லோவை விற்கத் தொடங்கிய நாளுக்கு இப்படி ஒரு கதி! வீட்டில் செய்த மைசூர்பாகைக் கொடுக்க ஆசை வரலாம். ஆயினும் அதிகம் பழகாதவர் கையால் செய்த பண்டத்தை உண்ணத் தயங்குவோர் இங்கே உண்டு என்பதால், கடைப் பெட்டியே பாதுகாப்பானது.

சைவ உணவினர் தாம் பெறும் இனிப்பையும் கவனிக்க வேண்டும். மார்ஷ்மெல்லோவிலும் ‘கம்மி’ (gummy) எனப்படும் ஜெல்லி மிட்டாய்களிலும் விலங்கிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் பெரும்பாலும் இருக்கும். சில சாக்லேட்டுகளில் மதுவும் சேர்க்கப்படும். பொட்டலத்தின் பின்புற எழுத்துகளைக் கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியால் படித்துவிடலாம். உண்ண முடியாததாக இருந்தாலும், கொடுத்தவரிடம் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வதே முறை.

புதிதாகச் சேர்ந்த பெண்கள் பிப்ரவரியில் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடமைக்காகக் கொடுப்பதை நிறுத்துவோம் என்று 2018இல் கோடைவா சாக்லேட் நிறுவனமே நாளிதழில் விளம்பரம் வெளியிட்டது. இவ்வழக்கத்தைத் தடை செய்த அலுவலகங்களும் இருக்கின்றன. உங்கள் பிரிவில் சென்ற ஆண்டு என்ன செய்தார்கள் என்பதை ஜனவரி இறுதியிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.