தண்ணி கம்மியா ஓடுற ஆத்துல ட்ரவுட்டுக்கு ட்ரிஃப்ட் ஃபிஷிங், முதல் தடவை போறவங்களுக்கு

கனடால ஒன்டாரியோ பக்கம் இருக்கீங்களா, அப்ப இது உங்களுக்குதான். ட்ரிஃப்ட் ஃபிஷிங்னா புழுவ ஓட்டத்தோட தானா அடிச்சுட்டு போக விட்டு மீன் புடிக்கிறது, ட்ரவுட் சில்லுன்னு இருக்குற தண்ணில வாழுற மீன். ஆகஸ்ட்ல ஃபெர்கஸ் ஊர்ல கிராண்ட் ரிவர பாத்தா இதுல மீன் இருக்கான்னே சந்தேகம் வரும், பாறை எல்லாம் வெளிய துருத்திக்கிட்டு, முழங்கால் அளவு தண்ணி. ஆனா இருக்கு. மேல ஷாண்ட் டேம்னு 1942ல கட்டின அணை, அது அடிமட்டத்துலேர்ந்து சில்லுன்னு தண்ணி விடுறதால பிரவுன் ட்ரவுட் கோடையையும் தாக்குப்பிடிக்குது. ஒரே பிரச்சினை, கூழாங்கல்லு நம்ம கண்ணுக்கு தெரியுற அளவுக்கு தண்ணி தெளிவுன்னா மீன் கண்ணுக்கு நாமளும் தெரியுவோம்.

லைசென்ஸ் எடுத்துக்கோங்க, அந்த வருஷத்து ரூல்ஸையும் படிச்சிருங்க. இந்த ஆத்துல சில பகுதில புழுவே போடக்கூடாது, எதிர்முள் இல்லாத ஒத்த ஹூக்தான், புடிச்சத விட்டுடணும். அங்க கீழ சொல்ற செட்டப்புலயே புழுவுக்கு பதிலா நிம்ஃப், அதாவது தண்ணிப்பூச்சி குஞ்சு மாதிரி செஞ்ச செயற்கை இரை, கட்டிக்கலாம்.

சாமான் ரொம்ப இல்ல. லைட்டான ஸ்பின்னிங் ராடு, 6 பவுண்டு இழுப்பு தாங்குற தூண்டில் நரம்பு, அதோட நுனில குட்டி ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்காம சுழலுற இணைப்பு), ஸ்விவலுக்கு கீழ ரெண்டரை அடிக்கு 4 பவுண்டு ஃப்ளோரோகார்பன் (தண்ணில அவ்வளவா தெரியாத நரம்பு), கடைசில 10 இல்லன்னா 12 சைஸ் ஹூக், அதுல புழு. ஸ்விவலுக்கு மேல ஸ்ப்ளிட் ஷாட், அதாவது நடுவுல பிளந்த குட்டி எடைக்குண்டு, நரம்புல கடிச்சு விடணும், பல்லால இல்ல, பிளையரால. பிபி சைஸ் ஒண்ணு 0.4 கிராம்தான் இருக்கும், அதுல ஒண்ணே ஒண்ணுல ஆரம்பிங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் தப்பு பண்றது இங்கதான், தூரமா போய் விழணும்னு நாலு ஷாட் மாட்டிடுவாங்க, புழு கல்லு மாதிரி ஒரே எடத்துல ஒக்காந்துக்கும், எந்த மீனும் சீண்டாது. தண்ணில அடிச்சுட்டு வர்ற நெஜ புழு எங்கயாச்சும் நிக்குமா?

எடம் பாக்குறது. வெயில் ஏறினா ஆக்ஸிஜன் தேடி சலசலன்னு நுரை தள்ளுற எடத்துக்கு மீன் வந்துரும், இல்லன்னா கரை குடைஞ்ச பள்ளம், பாறை நிழல், மரம் சாஞ்ச எடம். ட்ரவுட் தண்ணி வர்ற தெசைய பாத்துதான் நிக்கும், அதனால கீழ்ப்பக்கத்துலேர்ந்து, அதாவது அதோட முதுகுப்பக்கமா, குனிஞ்சு போங்க. நான் முதல் நாள் சூரியன முதுகுல வச்சுக்கிட்டு கரை மேல ஜம்முன்னு நின்னேன், என் நிழல் தண்ணில விழுந்ததுதான் தாமதம், கல்லுன்னு நெனச்சிட்டு இருந்த மூணு "கல்லு" சர்ர்ருன்னு ஓடிருச்சு. அன்னிக்கு அவ்ளோதான், வெறுங்கையோட வீட்டுக்கு.

இப்ப வீச்சு. மேல் பக்கமா சாய்வா, மீன் இருக்குற எடத்துக்கு ஆறேழு அடி முன்னாடி விழுற மாதிரி போடுங்க, மீன் தலை மேலயே போட்றாதீங்க. விழுந்த உடனே ராடு நுனிய தூக்கி, தொங்குற நரம்ப மட்டும் சுத்தி எடுங்க, இழுக்காதீங்க. மேல் தண்ணி வேகமா ஓடும், அடில மெதுவாத்தான் ஓடும், நரம்பு தண்ணி மேல நெறைய கெடந்தா அது வளைஞ்சு புழுவையும் சேத்து இழுத்துட்டு போயிரும், ராட உயர்த்தி புடிக்க சொல்றது அதுக்குத்தான். ஷாட் அடில டக்... டக்...னு ரெண்டு மூணு அடிக்கு ஒரு தடவை தட்டிட்டு போகணும், கைல தெரியும். தட்டவே இல்லன்னா இன்னொரு சின்ன ஷாட், வீசுறப்பல்லாம் மாட்டுச்சுன்னா இருக்குறத எடுத்துட்டு சின்னதா போடுங்க.

கடி வெடுக்குன்னு இழுக்கும்னு காத்திருக்காதீங்க. அந்த டக் டக் திடீர்னு நின்னு போகும், இல்ல நரம்பு தண்ணில எறங்குற எடம் ஒரு நொடி தயங்கும், அதான். மணிக்கட்ட மட்டும் லேசா தூக்குங்க, 4 பவுண்டு நரம்பு, பலமா அடிச்சா பட்டுன்னு போயிரும்.

ஒரே எடத்துல பத்து பதினஞ்சு ட்ரிஃப்ட் விட்டும் ஒண்ணும் இல்லன்னா நகருங்க. விடப்போற மீன கைய நனைச்சுட்டு தொடுங்க, தலை ஓட்டத்த பாக்குற மாதிரி புடிச்சிருந்தா அதுவே கைய விட்டு நழுவி போயிரும். சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு பாக்கெட்ல வச்சுக்கோங்க. தண்ணி 20 டிகிரி செல்சியஸ் தொட்டுருச்சுன்னா புடிச்சு விட்டாலும் மீன் பொழைக்குறது கஷ்டம், அப்ப நரம்ப சுத்திர வேண்டியதுதான். நான் விடியக்காலைல போயிட்டு பத்து மணிக்கெல்லாம் காபி கடைல ஒக்காந்திருப்பேன்.