குடியை நிறுத்தக் கூட்டம் தேடும்போது எங்கே தப்பு செய்கிறோம்?

எங்கள் மாமாவை முதல்முதலாக ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட முயல்கிறவர்கள் கூடிப் பேசுகிற குழு) கூட்டத்துக்குக் கூட்டிப்போன அன்று எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தேன், ஒன்றைத் தவிர. கூட்டம் ஏழு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடியும். எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எட்டு இருபதுக்கு! வேறு வண்டி கிடைக்கும்வரை பஸ் ஸ்டாண்டில் நின்றோம். டாஸ்மாக் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். குடிக்காமல் ஒன்பதாவது நாளில் இருந்த மனிதரை அங்கே முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்த புத்திசாலி நான்தான். மாமா டீ டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார், டீ ஆறிப்போனது. அவர் பார்வை போன பக்கம் நான் திரும்பவே இல்லை.

அதனால் இடம் தேடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது பஸ்ஸைப் பற்றித்தான். ஒருமுறை போய் வந்தால் தீர்கிற விஷயமில்லை இது. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போக முடிகிற இடமாக இருக்க வேண்டும். சென்னையில் பெரிய குழு இருக்கிறது என்று திருவாரூர் மாவட்டத்து வலங்கைமான்காரர் கேள்விப்பட்டு என்ன செய்ய? ‘ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள்’ என்று பயந்தால் பக்கத்து டவுனுக்குப் போகலாம், தப்பில்லை. அறுப்பு, நடவு நேரத்தில் சாயங்காலம் வர முடியாதவர்கள் ஞாயிறு காலைக் கூட்டம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற வழியில் கடை இருக்கிறதா என்பதையும் பார்த்து வையுங்கள்.

யாரோ எப்போதோ சொன்ன முகவரியை நம்பிப் போவதும் வழக்கமான தவறு. குழுக்கள் இடம் மாறும், நாள் மாறும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டால் பெரும்பாலும் இப்போதைய விவரம் தெரிந்திருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல உதவிக்கு 14416. குடவாசல் பக்கம் மஞ்சக்குடியில் சென்னை டி.டி.கே. மருத்துவமனைக்காரர்கள் முகாம் போட்டு, ஊரிலேயே வைத்துக் குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கிராமங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

மருத்துவமனையில் கேட்கச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. தினமும் குடிக்கிறவர் ‘நாளையிலிருந்து கூட்டம், இன்றோடு நிறுத்தம்’ என்று சட்டென்று விடுவதில் ஆபத்து இருக்கிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் ஆள் தெரியாமல் பிதற்றுவது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது என்று போனால் அது உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் ‘குளிர் ஜுரம்’ என்று கஷாயம் வைத்துக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் டாக்டர் கிடையாது. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் குடித்து மீண்டவர்கள் அல்லது மீள முயல்கிறவர்கள். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கியது ஏ.ஏ., இன்றும் அந்தப் பேச்சுதான் அதன் வேலை.

கார்த்திகை பிறந்தால் இன்னொரு குழப்பம் வரும். ‘மாலை போட்டால் நாற்பத்தொரு நாள் தொட மாட்டார், அவருக்கென்ன நோய்?’ என்பார்கள் வீட்டில். எங்கள் வீட்டிலும் மூன்று வருஷம் அதைச் சொல்லியே தள்ளிப்போட்டோம். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் நடந்ததை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையில், மாலை போட்டிருக்கிற அந்த நாட்கள்தான் கூட்டத்துக்குக் கூட்டிப்போகத் தோதானவை. ஆள் தெளிவாக இருப்பார், சொன்னால் காதில் விழும்.

பல இடங்களில் கூட்டம் சர்ச் வளாகத்து அறையிலோ பள்ளிக்கூடத்திலோ நடக்கும். இடம் கிடைக்கிற இடம், அவ்வளவுதான். மதம் மாற்றுகிற கூட்டம் என்று வாசலோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கடவுள் என்ற சொல் அங்கே வரும். அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் வரும், முனீஸ்வரன் என்றாலும் சரி. சேருவதற்குக் குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். கட்டணம் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம்.

‘அட்வான்ஸ் கட்டுங்கள், வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொள்கிறோம்’ என்று யாராவது சொன்னால் அது குழு இல்லை, தங்கவைக்கிற மையம். அது தேவைப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் 2017 மனநலச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். அப்புறம், குடியை விடவைக்க ரசத்தில் கலந்து கொடுக்கிற மாத்திரை. டாக்டரிடம் கேட்காமல், குடிக்கிறவருக்கும் தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். வேண்டவே வேண்டாம்.

மனைவிமார் கணவனை விடாமல் உள்ளே வந்து பக்கத்திலேயே உட்காரப் பார்ப்பார்கள். போனில் விசாரிக்கும்போதே ஓபன் மீட்டிங்கா, குளோஸ்டு மீட்டிங்கா என்று கேட்டுவிடுங்கள். குளோஸ்டு என்றால் குடும்பத்துக்கு அனுமதி இல்லை. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது. அத்தை முதலில் போக மறுத்தார். ‘குடிச்சது அவரு, நான் எதுக்குப் போகணும்?’ நியாயமான கேள்விதான். போன பிறகு, பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி தன் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் அழுதுவிட்டாராம்.

மாமாவுக்கு முதல் குழு ஒத்து வரவில்லை. எல்லோரும் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்களாகத் தெரிந்தார்களாம். அத்தோடு விட்டிருப்போம். வேறொரு டவுனில், லாரி ஓட்டுகிறவர்களும் கொத்தனார்களும் வருகிற ஞாயிறு காலைக் கூட்டம் கிடைத்தது. நடுவில் ஒரு பொங்கலுக்கு மறுபடி குடித்தார். வெட்கப்பட்டு ஒரு மாதம் போகவில்லை. பிறகு போனார், யாரும் எதுவும் கேட்கவில்லையாம், டீ கொடுத்தார்கள்.

இப்போது புதிதாக யாராவது அவருக்கு போன் செய்தால், எவ்வளவு குடிப்பீர்கள் என்று அவர் கேட்பதில்லை. ‘எந்த ஊரு தம்பி? கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’