காவடிக்கு முன் கால் நரம்பைச் சோதிப்பது எப்படி?

மொரீசியஸில் தைப்பூசம் கோடையில் வருகிறது. காவடியோடு வெறுங்காலில் தார்ச்சாலையில் நடக்கிறோம். இங்கே பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. அதனால் கொடியேற்றத்தன்றே வீட்டில் பாதத்தைச் சோதித்துவிடுங்கள்.

முதலில் அறிகுறிகள். முதுகிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடும் நரம்புதான் உடம்பிலேயே நீளமானது, சர்க்கரை அதைத்தான் முதலில் அரிக்கும். எறும்பு ஊர்வது போலிருக்கும், மதமதப்பு வரும், படுத்ததும் எரிச்சல் கூடும். பஞ்சின்மேல் நடப்பது போலத் தோன்றும். செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி மேலேறி, முழங்காலை நெருங்கும்போது கைவிரல்களும் மரக்கத் தொடங்கும். பலருக்கு இவை எதுவுமே இருக்காது. எரிந்த கால் தானாக அடங்கினாலும் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், உணர்ச்சியே போயிருக்கலாம்.

இனி தொடு சோதனை. கூட ஒருவர் வேண்டும்.

1. காலை நீட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

2. மற்றவர் ஆள்காட்டி விரல் நுனியால், இறகு படுவது போல, 1 முதல் 2 விநாடி தொடட்டும். வரிசை: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல்.

3. தொட்டது தெரிந்ததும் "வலது", "இடது" என்று சொல்லுங்கள்.

தவறு நடப்பது இங்கேதான். அழுத்தினாலோ தட்டினாலோ தடவினாலோ மரத்த காலுக்கும் தெரிந்துவிடும். "தெரியுதா?" என்று கேட்டால் யாரும் "ஆமாம்" என்பார்கள். தெரியாத விரலை மறுபடி தொடவும் கூடாது.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. மருத்துவர் பார்க்கும்வரை வெறுங்காலில் நடக்காதீர்கள், தீமிதியும் வேண்டாம். தார் சுடாததை அருள் என்று எண்ணி நடந்தவர் கொப்புளத்தை மறுநாள் காலுறையில் ஒட்டிய ஈரத்தில்தான் பார்ப்பார்.

அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வியர்வை நரம்பு கெட்டால் குதிகால் வறண்டு வெடிக்கும்.

மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும், தட்டினால் அதிரும் இசைக்கவையாலும் சோதிப்பார்கள். நெடுநாளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் இதே மதமதப்புதான், ஊசியோ மாத்திரையோ போட்டால் பெரும்பாலும் தேறும்.

திடீரென ஒரு பக்கம் மட்டும் மரத்துத் தளர்ந்தாலோ, சில நாளில் இரு காலும் பலமிழந்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துச் சிறுநீர் அடைபட்டாலோ இந்தச் சோதனையில் நேரம் கடத்தாமல் உடனே ஆம்புலன்ஸ் எண் 114-ஐ அழையுங்கள்.