உண்ணிக் காய்ச்சல்னு கேட்டதும் நாயைத் துரத்தாதீங்க, மொதல்ல இதைப் பாருங்க

போன மழைக்கு எங்க தெருவுல ஒருத்தருக்கு உண்ணிக் காய்ச்சல்னு தெரிஞ்சதும், பக்கத்து வீட்டுல ஆறு வருஷமா வளர்த்த நாயைக் கொண்டுபோய் ஏரிக்கரையில விட்டுட்டு வந்துட்டாங்க. அது மூணாம் நாள் நொண்டிக்கிட்டே திரும்பி வந்துச்சு, அது தனிக் கதை. ஆனா அந்த நாய்க்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லங்க.

பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போடுறது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புறது நாய் காதுல குண்டா ஒட்டிக்கிட்டு இருக்குமே அந்த உண்ணி இல்ல, புதர்லயும் புல்லுலயும் இருக்கற மைட்னு ஒரு பொடிப் பூச்சி, அதுலயும் அதோட குஞ்சுதான் கடிக்கும், கால் மில்லிமீட்டர் கூட தேறாது, கடிச்சதும் தெரியாது. வழக்கமா எலியைக் கடிச்சுப் பொழைக்கறது, நாம குறுக்க போனா நம்மளையும் கடிக்குது. மாட்டு உண்ணி பார்த்து வளர்ந்த ஊர் இது, கொக்குக்கே உண்ணிக்கொக்குன்னு பேர் வச்சிருக்கோம், அதனால உண்ணின்னா கண்ணுக்குத் தெரியணும்னே நெனைக்கிறோம். டிக்குங்கற நாய், மாட்டு உண்ணி, இந்த மைட் ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சதுல வந்த வினை.

சரி, காய்ச்சல் வந்தா என்ன பண்றது. நாலஞ்சு நாளா விடாம காய்ச்சல், மண்டை பொளக்குற தலைவலி, உடம்பு வலின்னா கண்ணாடி முன்னாடி நின்னு உடம்பு பூரா தேடுங்க. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில, தொப்புள், அரைஞாண் கயிறு படுற இடம், காதுக்குப் பின்னாடி. சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு, சுத்தி லேசா செவப்பு, அதான் அடையாளம். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது, அதனாலயே யாரும் கவனிக்கறதில்ல. எங்க சித்திக்கு எட்டு நாள் காய்ச்சல், டெங்கு இல்ல, மலேரியா இல்ல, டைஃபாய்டு இல்லன்னு ரிப்போர்ட் மேல ரிப்போர்ட், ஊசி மேல ஊசி. கடைசியில ஒரு வயசான டாக்டரம்மா பாவாடை நாடாவை கொஞ்சம் தளர்த்துங்கன்னு சொல்லிப் பார்த்தாங்க, இருந்துச்சு அங்க. சித்தி அதை நாடா உரசுன புண்ணுன்னு நெனைச்சு தேங்காண்ணெ தடவிக்கிட்டு இருந்திருக்காங்க!

எல்லாருக்கும் அந்தப் பொருக்கு வராது, அதனால அது இல்லன்னா நோயும் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. கடைசி மூணு வாரத்துல புல் அறுத்தேன், தோட்டத்துல களை எடுத்தேன், வெறகு பொறுக்குனேன்னு டாக்டர்கிட்ட நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. இதுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் மாதிரி மருந்து இருக்கு, விலையும் கம்மி, ஆனா வழக்கமா குடுக்கற பென்சிலின் வகை மருந்து இதுக்கு வேலையே செய்யாது. அதுக்காக நீங்களா மெடிக்கல் ஷாப்புல வாங்கிப் போடாதீங்க, விட்டுட்டா நுரையீரல், கிட்னின்னு போய் நிக்கற காய்ச்சல் இது. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது, அதனால தட்டு டம்ளரைத் தனியா வைக்க வேணாம்.

இப்ப நெஜ உண்ணி. உடம்புல ஒட்டியிருந்தா சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், ஊதுபத்தி சூடு எதுவும் வேணாம், உண்ணி மெரண்டு உள்ள இருக்கறதை நம்ம உடம்புக்குள்ளயே கக்கிடும்னு சொல்றாங்க, நம்ம தோலும் புண்ணாகும். புருவம் பிடுங்கற பிளக்கரால தோலை ஒட்டி, வாய்ப் பக்கமா புடிச்சு, திருகாம, வெடுக்குனு இழுக்காம, ஒரே சீரா நேரா மேல இழுங்க. வாய் கொஞ்சம் உள்ள மாட்டிக்கிட்டா குத்திக் கிளறாதீங்க, தானா வெளிய வந்துடும். எடுத்ததை நகத்தால நசுக்காம (அந்த டப்புன்னு வர்ற சத்தத்துல நம்மாளுக்கு ஒரு சந்தோஷம்!) சானிடைசர்ல போட்டுடுங்க. கையையும் கடிச்ச எடத்தையும் சோப்பு போட்டுக் கழுவிட்டு, போன்ல தேதியைக் குறிச்சு வைங்க. அப்புறம் காய்ச்சல் வந்து உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் தடிப்பு வந்தா அது டிக் டைஃபஸா இருக்கலாம், அதை நாய் உண்ணியும் பரப்பும். அதனால நாயைத் துரத்தாதீங்கன்னுதான் சொல்றேன், உண்ணியை வளருங்கன்னு சொல்லல.

நாயை மட்டும் குளிப்பாட்டுனா போதாது. ரத்தம் குடிச்ச பொட்டை உண்ணி கீழ விழுந்து சுவத்து விரிசல்ல ஏறி ஆயிரக்கணக்குல முட்டை போடும், நாய் படுக்கற சாக்கு, விரிசல், கதவு இடுக்கு எல்லாத்தையும் பாருங்க. மாட்டுக்கு அடிக்கற மருந்தைக் கண்ணளவுல கலக்கி நாய் மேல ஊத்தாதீங்க, நக்கிடும். நாய்க்கு வாங்குன சொட்டு மருந்துல பெர்மெத்ரின் இருந்தா பூனை பக்கமே கொண்டு போகாதீங்க, பூனை செத்தே போயிடும். நாய்க்கு வர்ற டிக் ஃபீவர் நாயைத் தொட்டா நமக்கு ஒட்டிக்காது. அமெரிக்கா வீடியோ பார்த்துட்டு, அங்க உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய்னு அலறவும் வேணாம், அது இங்க ரொம்ப அபூர்வம்.

நாம உண்மையிலயே பயப்பட வேண்டிய உண்ணி காட்டுல இருக்கு. கர்நாடகாவுல ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டுல 1957ல குரங்கு கொத்துக் கொத்தா செத்தப்ப கண்டுபிடிச்ச வைரஸ், குரங்குக் காய்ச்சல்னு சொல்றாங்க, 2012ல இருந்து பந்திப்பூர், வயநாடு, நீலகிரி பக்கமும் தென்பட்டுச்சு. அதுக்கு டாக்ஸிசைக்ளின்லாம் கேக்காது. டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் அந்தப் பக்கம் காட்டுக்குள்ள போறவங்க முழுக்கை சட்டை போட்டு, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகி, பூச்சி விரட்டி தடவிட்டுப் போங்க. செத்த குரங்கைப் பார்த்தா கிட்ட போய் போட்டோ எடுக்காம ஃபாரஸ்ட்காரங்களுக்கு சொல்லுங்க, குரங்கு செத்ததும் அது மேல இருந்த உண்ணி கீழ எறங்கி அடுத்த உடம்பைத் தேடும். வீட்டுக்கு வந்ததும் அந்த துணியோட கட்டில்ல விழாதீங்க, நேரா வெந்நீர்ல போடுங்க.